மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பானும் பிள்ளைக்கு வரும் தொண்டை அடைப்பானும் ஒன்றா?

12-10-2023, காலை
பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி:

போன வாரம் எங்க எருமை ஒண்ணு தொண்டை அடைப்பான்ல செத்துப்போச்சு. காலையில தீவனம் எடுக்கல. மதியம் தாடைக்குக் கீழ வீங்கி கொர் கொர்னு மூச்சு விட்டுது. ராத்திரி போயிடுச்சு. இப்ப அஞ்சாவது படிக்கிற என் பொண்ணுக்கு ஸ்கூல்ல டி.டி. ஊசி போடணும்னு சீட்டு குடுத்திருக்காங்க. அதுலயும் தொண்டை அடைப்பான்னுதான் போட்டிருக்கு. அந்த எருமைக்குத் தண்ணி காட்டினதே அவதான். மாட்டுலேர்ந்து பிள்ளைங்களுக்கு வந்துடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க அண்ணா.

12-10-2023, இரவு 9.40

வராது தங்கச்சி. பெயர்தான் ஒன்று, நோய் வேறு. எருமைக்கு வந்தது பாஸ்சுரெல்லா என்ற கிருமியால். மழை பிடிக்கிற சமயத்தில், சேற்றில் நிற்கிற மாட்டுக்கு, அதிலும் எருமைக்கு, சட்டென்று வரும். நீங்கள் சொன்ன மாதிரியேதான் போகும், ஒரே நாளில். மனிதருக்கு வருகிற தொண்டை அடைப்பான் டிப்தீரியா. அது கொரினிபாக்டீரியம் என்கிற வேறொரு கிருமி. ஒருவர் இருமினால், தும்மினால் அடுத்தவருக்குப் போகும். மாட்டுக்கு அதில் பங்கில்லை.

சீட்டில் இருக்கிற டி.டி. ஊசி ரண ஜன்னிக்கானது, டெட்டனஸ் என்பார்களே அது. துருப்பிடித்த ஆணி குத்தினால் போடுகிறோமே, அதே ஊசி. தொண்டை அடைப்பான் என்று யாரோ தவறாக அச்சடித்திருப்பார்கள்.

நான் குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

13-10-2023, காலை 7.15

நேற்று ராத்திரி எழுதியதில் பாதி தப்பு. சீட்டு அச்சடித்தவர்கள் சரி, நான்தான் தப்பு.

கடை திறந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த டப்பாவை எடுத்துத் திருப்பிப் படித்தேன். முன்பு போட்டுக்கொண்டிருந்த டி.டி.யில் முதல் எழுத்து டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி, இரண்டாவது எழுத்து டாக்சாய்டு, அதாவது வீரியம் நீக்கிய நஞ்சு. இப்போது பள்ளிக்கூடத்திலும் கர்ப்பிணிகளுக்கும் போடுகிற டி.டி.யில் இரண்டாவது எழுத்து டிப்தீரியா. அதுவும் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், பெரியவர்களுக்கு அந்த மருந்தைக் குறைத்துச் சேர்ப்பதால். ஆங்கிலத்தில் எழுதினால் வித்தியாசம் தெரியும். தமிழில் இரண்டும் டி.டி.தான். வாயால் சொன்னாலும் டி.டி.தான். இருபத்தாறு வருடம் மருந்து விற்கிறவனே ஏமாந்தேன் என்றால் மற்றவர்களைச் சொல்வதற்கில்லை.

ஆகவே பொண்ணுக்கு அந்த ஊசி அவசியம் போடுங்கள். பத்து வயதில் ஒன்று, பதினாறு வயதில் ஒன்று. குழந்தையாக இருந்தபோது 6, 10, 14 வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று போட்டிருப்பீர்கள். அந்தப் பலம் வருடம் போகப் போகக் குறையும், அதனால்தான் மறுபடி போடுவது. 2016-ல் மலப்புரத்தில் இந்த நோய் பரவியபோது நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்வி: ஒழிந்துபோன நோய் எப்படித் திரும்பி வந்தது? ஒழியவே இல்லை, ஊசிக்குப் பயந்து ஒதுங்கி இருந்தது.

13-10-2023, இரவு 11

படுத்த பிறகு ஒன்று உறைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். தங்கச்சி, அது தொண்டை அடைப்பான்தான் என்று யார் சொன்னது? மாட்டு டாக்டர் வந்து பார்த்தாரா, இல்லை ஊரில் சொன்னதா?

ஏன் கேட்கிறேன் என்றால், தொண்டை அடைப்பான் வேறு, வெறும் அடைப்பான் வேறு. வெறும் அடைப்பான் என்பது ஆந்த்ராக்ஸ். மாடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் அதுவாக இருக்கலாம். அது மனிதருக்கும் வரும். தோலுரித்தவர் கையில் நடுவில் கறுத்த புண்ணாக வரும். அந்தக் கறியைத் தின்றவர்களுக்குத் தொண்டையிலேயே புண் வந்து கழுத்து வீங்குவதும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் பக்கம் பாதி ஊர் தோலை நம்பிப் பிழைக்கிற ஊர். செத்த மாட்டைப் புதைக்காமல் தோலுக்குக் கொடுக்கிற வழக்கம் அடியோடு போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

ரத்தம் வந்ததா? தோலுரித்தார்களா? உடனே எழுதுங்கள்.

14-10-2023, காலை

பதில் வந்துவிட்டது. ரத்தம் எதுவும் இல்லை, கால்நடை டாக்டர் வந்து பார்த்துத்தான் சொன்னாராம், குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்களாம். நல்லது. ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்ததற்கு அந்த எருமைதான் பொறுப்பு.

15-10-2023

டிப்தீரியாவைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் பார்த்ததில்லை. எங்கள் பாட்டி பார்த்திருக்கிறாள்.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், ஆறு வயது. ஐம்பதுகளில் நடந்தது. முதலில் லேசான காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. இரண்டாம் நாள் கழுத்து இரண்டு பக்கமும் உப்பிவிட்டது. பொன்னுக்கு வீங்கி என்று முடிவு செய்து, கழுத்தில் பாட்டியின் தங்கச் சங்கிலியைப் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். மூன்றாம் நாள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படிந்திருக்கிறது. காய்ச்சிய பாலில் ஆடை படியுமே, அதுபோல. ஆனால் அழுக்கு நிறம். பாட்டி விரலில் துணியைச் சுற்றித் துடைத்தாள். ஆடை வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அந்தத் துணியைப் பற்றி பாட்டி சாகிற வரைக்கும் பேசினாள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு வாரத்தில் தொண்டை தெளிந்துவிட்டது. வீக்கம் வடிந்தது. கஞ்சி கொடுத்தார்கள். குடித்த கஞ்சி கொஞ்சம் மூக்கு வழியாக வந்தது. சிரித்தார்களாம். அதற்கு மூன்று நாள் கழித்து, பாயிலிருந்து எழுந்து வாசலில் கோழியைத் துரத்தப் போனவள் அப்படியே உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கண் பட்டுவிட்டது என்று முடித்துவிட்டார்கள்.

மருந்தியல் படித்தபோதுதான் இதற்கு விடை கிடைத்தது. அந்தக் கிருமி தொண்டையிலேயேதான் இருக்கிறது. அது கக்குகிற நஞ்சு ரத்தத்தில் கலந்து ஊர் சுற்றுகிறது. நரம்பைப் பிடித்தால் அண்ணம் செயலிழந்து கஞ்சி மூக்கில் வரும். இதயத் தசையைப் பிடித்தால், தொண்டை ஆறின பிறகுகூட, இரண்டாம் வாரத்தில் ஆளைச் சாய்க்கும். அதனால்தான் இந்த நோயாளியை எழுந்து நடக்கவே விடமாட்டார்கள்.

பெனிசிலின் அல்லது எரித்ரோமைசின் 14 நாள் கொடுப்பது கிருமியைக் கொல்ல, மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்க. நஞ்சைப் பிடிப்பதற்கு எதிர்நஞ்சு வேண்டும். அது ரத்தத்தில் மிதக்கிற நஞ்சைத்தான் பிடிக்கும், தசைக்குள் நுழைந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. ஆகவே பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், சந்தேகம் வந்த அன்றே ஏற்றிவிடுவார்கள். நோயின் கடுமையைப் பொறுத்து 20,000 முதல் 1,00,000 அலகு வரை.

15-10-2023, அதே இரவு

முதலில் சொல்ல மறந்தேன். மாட்டுக்குப் பங்கில்லை என்றேன், சரிதான். குதிரைக்குப் பங்குண்டு. அந்த எதிர்நஞ்சு குதிரையிலிருந்து வருவது. 1890-ல் பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் விலங்குகளில் இது வேலை செய்வதைக் காட்டினார்கள். 1894-ல் பாரிஸில் ரூ என்பவர் குதிரைச் சீரத்தை நோயாளிக் குழந்தைகளுக்கு ஏற்றினார். 1901-ல் மருத்துவத்துக்கு முதல் நோபல் பரிசு கொடுத்தபோது அது பேரிங்குக்குப் போனது இதற்காகத்தான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சைக் கொடுத்துப் பழக்கி, அதன் ரத்தத்திலிருந்து தெளிநீரை எடுக்கிறார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய அதே வழிதான்.

18-10-2023

இந்த இழையில் பாதிப் பேர் கேட்பது தொண்டை அடைப்பானைப் பற்றியே இல்லை, வீசிங் பற்றி. சரி, வீசிங் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தம்பி குடியாத்தம் வேலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 2016 ஆடி மாதம், புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். விடிகாலை வயிற்று வலி என்று எழுந்தான். கண் இமை இரண்டும் தூக்க முடியாமல் தொங்கியது. குடித்திருக்கிறானோ என்றுதான் முதலில் நினைத்தேன். கடித்த தடம்கூடத் தெரியவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான் கடிக்கும், எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூச்சு நின்றுகொண்டிருந்தது.

பாம்புக்கடி மருந்தும் குதிரையிலிருந்து வருவதுதான். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அதைக் குதிரைக்கு ஏற்றித்தான் மருந்து. ஆனால் இங்கேயும் அதே சங்கதி: கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனிக்குள் போய்விட்டால் மருந்து அதை வெளியே இழுக்காது. நரம்பு தானாகத் துளிர்க்கிற வரைக்கும் மெஷின்தான் மூச்சு விட வேண்டும். வாய் வழியாகக் குழாய், பதினோரு நாள்.

பிழைத்தான். வீட்டுக்கு வந்தான். கெங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

ஐந்து வாரம் கழித்து டூட்டிக்குப் போனவன், விசில் ஊத முடியவில்லை என்றான். லத்தேரியில் ஒரு விசில் ஊதினால் கே.வி.குப்பம் வரைக்கும் மூச்சு வாங்குகிறதாம். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. வீசிங், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சால்புட்டமால் இன்ஹேலர். இரண்டு மாதத்தில் ஐந்து இன்ஹேலர் தீர்ந்தது. ஐந்தையும் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு இன்ஹேலரில் 200 தடவை இருக்கும். ஐந்து தீர்ந்தும் மூச்சு திறக்கவில்லையே, அப்படியென்றால் அது ஆஸ்துமாதானா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வேறு வாடிக்கையாளராக இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன்.

கடைசியில் அம்மாதான் சொன்னாள். ராத்திரி, திண்ணையில் முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். மரம் அறுக்கிற மாதிரி சத்தம். "இவனுக்கு மூச்சு வுடறப்ப சத்தம் இல்லடா, இழுக்கறப்பதான் சத்தம்" என்றாள். இரண்டு மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எந்தப் பக்கம் போகிற மூச்சில் சத்தம் என்று ஒரு நாள்கூடக் கவனிக்கவில்லை.

19-10-2023

மிச்சம்.

தம்பிக்கு வாய் வழியாக விட்டார்களே, அந்தக் குழாயின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்ன பலூன் இருக்கும். மெஷின் தள்ளுகிற காற்று பக்கவாட்டில் கசியாமலும், எச்சில் உள்ளே இறங்காமலும் அடைத்துக்கொள்ள. அதில் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாது. புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும், தீக்காயத் தழும்பு தோலை இழுக்குமே அப்படி. ஆஸ்பத்திரியை விட்டு வந்து வாரக்கணக்கில் கழித்துத்தான் இது தெரியும். இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் குழாய் இல்லையென்றால் தம்பியே இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வந்துவிடுகிறது.

பெரியவர்களின் மூச்சுக்குழாய் உள்ளே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அகலம். அது 8 மில்லிமீட்டர் ஆகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது, படி ஏறினால் தெரியும். 5 மில்லிமீட்டர் ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே சத்தம் கேட்கும். தம்பிக்கு ஐந்துதான் இருந்தது. இளநீர்க் கடை ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சு விட்டுப் பாருங்கள். அவன் அப்படி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரியே வேலூருக்குக் கொண்டு போனோம். அடைப்புக்குக் கீழே கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். வைத்த மறுநொடி சத்தம் நின்றது. எவ்வளவு நாளாக அந்தச் சத்தத்தோடு இருந்தோம் என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. பேச்சு வராது, காற்று தொண்டைக்கு ஏறாமல் கழுத்து வழியாகவே போய்விடும். பழைய தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். முதலில் எழுதியது: "விசில் எங்கே?"

விசிலைக் கொடுத்தோம். வாயில் வைத்து ஊதினான். காற்று கழுத்தில் புஸ்ஸென்று வந்தது. அவனே சிரித்தான், அதுவும் சத்தமில்லாமல்.

மூன்று மாதம் கழித்து ஆபரேஷன். சுருங்கின பகுதி மூன்று சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு, மேல் நுனியையும் கீழ் நுனியையும் இழுத்துத் தைத்தார்கள். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் மொத்தமே பதினோரு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதில் மூன்று. தையல் பிரியாமல் இருக்க முகவாயை மார்போடு சேர்த்து ஒரு கனமான தையல், ஏழு நாள். தலையை நிமிர்த்தவே முடியாது. அவன் கல்யாணத்தில்கூட அப்படித் தலைகுனிந்து உட்கார்ந்ததில்லை என்று அண்ணி சொன்னாள்.

எல்லோருக்கும் இந்த ஆபரேஷன் ஆகாது. சிலருக்கு அகலப்படுத்திப் பார்ப்பார்கள். சிலருக்கு டி வடிவத்தில் ஒரு சிலிக்கோன் குழாய், மாதக்கணக்கில்.

20-10-2023

"அப்ப மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தா தொண்டை, விடும்போது வந்தா ஆஸ்துமா, சரியாண்ணா?" என்று ஒரு தம்பி சுருக்கமாகக் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் சரி. குரல்வளை, தொண்டைப் பக்கம் அடைத்தால் இழுக்கும்போது சத்தம். நெஞ்சுக்குள் சின்னக் குழாய்கள் சுருங்கினால் விடும்போது, விசில் மாதிரி. மூச்சுக்குழாய் இறுக்கமாகவே சுருங்கிப்போயிருந்தால் இரண்டு பக்கமும் வரும். தம்பிக்கும் கடைசி நாட்களில் இரண்டு பக்கமும் வந்திருக்கும், அம்மாவின் காதில் உரக்க விழுந்தது இழுக்கும்போது வந்த சத்தம்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். மூச்சுத் திணறலும் இருந்து, ஆளும் சோர்ந்து, சத்தமும் அடங்கினால் காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

24-10-2023

தொக்கம் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கியதை ஊதி உறிஞ்சி எடுப்பதாகச் சொல்கிற நாட்டு வைத்தியம், அது பற்றி ஒரு பெரியவர் கோபமாக எழுதியிருக்கிறார், எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்துக் குணமாகியிருக்கிறது என்று. ஐயா, எடுத்த துண்டை எனக்கும் காட்டியிருக்கிறார்கள். குழலை வைத்து ஊதி உறிஞ்சி, கடைசியில் அந்த அம்மாவின் வாயிலிருந்து வெளியே வருகிற துண்டு அதற்கு முன்பே அந்த அம்மாவின் வாயில்தான் இருந்தது.

இதைச் சும்மா சொல்லவில்லை. என் கடைக்கு வருகிற ஒரு வீட்டில் இரண்டு வயசுப் பையன். களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்கிறது, ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சிரித்திருக்கிறான். புரையேறியது. யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டினார்கள். இருமல் நின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடி இருமல், அப்போதுதான் தொக்கம் எடுத்தார்கள். துண்டும் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் வாரம் நிமோனியா. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்தால் வலது நுரையீரல் வாசலில் அரை மல்லாட்டை, ஊறி உப்பி உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் மல்லாட்டை தெரியாது. காசு விழுங்கினால் தெரியும்.

இங்கே என் இழுப்பு, விடுப்பு விதியும் தோற்றுவிடுகிறது. துண்டு கீழே இறங்கிவிட்டால் விடும்போதுதான் வீசிங் கேட்கும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இருமல் ஆரம்பிப்பதற்கு முன்னால் வாயில் என்ன இருந்தது?

1897-ல் ஜெர்மனியில் கில்லியன் என்பவர் ஒரு விவசாயியின் நெஞ்சுக்குள்ளிருந்து பன்றி எலும்பைக் குழாய் விட்டு எடுத்தார். அதுதான் ஆரம்பம். அதற்கு முன்னால் விழுங்கினவர் தலையெழுத்து. நமக்குப் பன்றி எலும்புக்குப் பதில் மல்லாட்டை, சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை. ஐந்து வயதுக்குள் முழு மல்லாட்டை கொடுக்காதீர்கள், இடித்துக் கொடுங்கள்.

24-10-2023, சற்று நேரம் கழித்து

புரையேறி இருமிக்கொண்டே இருந்தால் இருமவிடுங்கள். இருமலும் வராமல், அழுகையும் வராமல் முகம் நீலமானால்தான் கை வைக்க வேண்டும். குனியவைத்து, தோள்பட்டை நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து அடி. வரவில்லையென்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளே, மேலே என்று அழுத்தம். வருகிறவரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றில் கை வைக்கவே கூடாது, கவிழ்த்து முதுகில் ஐந்து, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினால் இன்னும் உள்ளேதான் போகும்.

ஆம்பூர் பிரியாணி எலும்பு சிக்கினால் என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு: அது பெரும்பாலும் சோற்றுக்குழாயில்தான் நிற்கும், மூச்சு வரும், எச்சில்தான் இறங்காது. சோற்றை உருட்டி விழுங்கித் தள்ளப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரியாணி மிச்சமிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

29-10-2023

கடையில் பார்த்த இரண்டு விஷயம், இங்கே பதிவாக இருக்கட்டும்.

ஒரு அம்மா உதடும் நாக்கும் வீங்கி வந்தார். அலர்ஜி மாத்திரை கொடு என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றேன். பி.பி.க்கு எனலாப்ரில், மூன்று வருடமாக. மூன்று வருடம் ஒன்றும் செய்யாத மாத்திரை திடீரென்று இப்படிச் செய்யும், ராமிப்ரிலும் அதே குடும்பம். சாதாரண அலர்ஜி மருந்துக்கு இந்த வீக்கம் அவ்வளவாகக் கட்டுப்படாது. குரல்வளைக்குப் பரவினால் மூச்சு நின்றுவிடும். மாத்திரை கொடுக்காமல் ஆட்டோ பிடித்து அனுப்பினேன். டாக்டர் அந்தப் பி.பி. மாத்திரையை மாற்றிவிட்டார்.

இன்னொருவர் கீழ்க்கடைவாய்ப் பல் வலிக்கு ஒரு வாரமாக வலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் வந்தபோது தாடைக்கு அடியில் கல் மாதிரி வீக்கம், எச்சில் ஒழுகுகிறது, வாயில் சுடு சோறு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேச்சு. பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கி நாக்கையே மேலே தூக்கிவிடும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்த நோய், பெயரும் அவர் பெயர்தான். பல் டாக்டரிடம் அல்ல, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வீக்கம்.

இதோடு ஒன்று: காய்ச்சலோடு எச்சில் ஒழுக, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற குழந்தையின் வாயில் ஸ்பூனை விட்டு நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள். குரல்வளைக்கு மேலே இருக்கிற மூடி வீங்கியிருந்தால் அந்த ஒரு அழுத்தத்தில் மூச்சு வழியே அடைத்துக்கொள்ளும். இது இப்போது குறைந்திருக்கிறது. காரணமான ஹிப் கிருமிக்கும் சேர்த்து ஐந்து நோய்க்கு ஒரே ஊசி 2011 டிசம்பரில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான்.

5-11-2023

குரல் கம்மிப்போய் இரண்டு மாதம் ஆகிறது, மிட்டாய் மாதிரி சப்புகிற மாத்திரை எது நல்லது என்று கேட்டவருக்கு. எதுவும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், அதுவும் பீடி பிடிக்கிறவர் என்றால், காது மூக்கு தொண்டை டாக்டர் குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும். குரல்நாணில் வருகிற புற்றுநோய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பிடித்தால் கதிர்வீச்சிலோ லேசரிலோ குரலோடு மீளலாம். விட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரும்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு முறம் பீடி இலை இருக்கும். சுற்றுகிற பெண்கள் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை, ஆனால் தூள் மூக்கில் ஏறி இருமாத ஆள் இல்லை. மாலையில் கட்டு எண்ணிக் கொடுத்துவிட்டு நேரே என் கடைக்கு இருமல் டானிக்குக்கு வருவார்கள். விற்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

6-11-2023

பழைய நினைவு ஒன்று. எண்பதுகளில் அப்பா கடைக்கு எதிரே இருந்த டாக்டரின் மேசையில் முகவரி அச்சடித்த தபால் அட்டைக் கட்டு இருக்கும். குறிப்பிட்ட சில நோய்களில் எது வந்தாலும் எழுதித் தபாலில் போடுவார். வட ஆற்காடு மாவட்டம் முழுக்க அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோரும் இப்படி எழுத, வேலூர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான் குழு தொகுத்துத் திருப்பி எல்லோருக்கும் தெரிவித்தது. இப்போது வாட்ஸப்பில் தினமும் நூறு நோய்ச் செய்தி வருகிறது, எது நம் தெருவில் என்று தெரிவதில்லை. அட்டையை டப்பாவில் போட எங்களைத்தான் அனுப்புவார், ஒரு அட்டைக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்.

9-11-2023

தங்கச்சி எழுதியிருக்கிறார்: பொண்ணுக்கு ஊசி போட்டாயிற்று, கை வீங்கி இருக்கிறது, ஒரு நாள் காய்ச்சல். அது சகஜம். எண்ணெய் தேய்க்க வேண்டாம், வேண்டுமானால் ஈரத்துணி வையுங்கள், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் போதும். தம்பி எப்படி இருக்கிறார் என்று விசாரித்ததற்கு நன்றி, அதே ரூட்டில்தான் இருக்கிறான். குரல் கொஞ்சம் தடித்துவிட்டது, "லத்தேரி எறங்கு" என்றால் தூங்குகிறவனும் எழுந்துவிடுகிறான்.

மிச்சம் இருக்கிற எருமைக்கும் கன்றுக்கும் ஊசி பற்றிக் கேட்டீர்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஆறு மாதம் ஆன கன்றிலிருந்து போடலாம், வருடம் ஒரு தடவை, மழைக்கு முன்னால். அந்தப் பள்ளிக்கூடச் சீட்டின் பின்பக்கத்திலேயே இரண்டையும் குறித்து வையுங்கள்: எருமைக்கு வைகாசி, பொண்ணுக்குப் பதினாறு வயது.